சைபரை அழுத்தினால் வருபவள்

காவேரிப்பட்டணம் தாண்டி பைபாஸில் இறங்கியதும்
வலப்பக்கம் மாம்பழக்கூழ் ஆலை.
முன் அறையில், உரக்கடைக் காலண்டருக்குக் கீழே
பொத்தான் பொத்தானாய் ஒரு போன்.
சைபரை அழுத்தினால் நான் வருவேன்.

சேர்ந்த அன்றைக்கு ஸ்டோர் அம்ஜத் பாய்
அட்டையில் எழுதி ஒட்டிக் கொடுத்தார்:
இருபத்தொன்று கணக்கு. இருபத்திரண்டு எடைமேடை.
முப்பது பாய்லர், அங்கே மணி கேட்காது, விடாமல் அடி.
பதினொன்று முதலாளி.
அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை,
சும்மா ஒரு கோடு.

ஹோல்ட் மஞ்சள் பொத்தான்.
அழுத்தினால் எதிர்முனையில் ஒரு பியானோ,
கொஞ்ச தூரம் போய் விக்கி, மறுபடி முதலிலிருந்து.
மூன்று வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.
சந்தூர் திம்மராயப்பா சொல்லித்தான் தெரியும்:
"எம் பையன் அதுக்கு ஆடுறாம்மா.
ஸ்பீக்கர்ல போட்டு வச்சிருவேன்."

மாற்றிவிடுவது சுலபம்.
பொத்தான், எண், ரிசீவரை வை.
வைத்ததும் அந்த ஆள் நம்முடையவர் இல்லை.
கணக்கிலிருந்து எடைமேடைக்கு,
எடைமேடையிலிருந்து கணக்குக்கு,
மத்தூர்க்காரர் ஒருவர் ஒரு மத்தியானம் முழுக்க
எங்கள் கட்டடத்துக்குள் நடந்துகொண்டே இருந்தார்,
தன் தோப்பில் கட்டிலில் உட்கார்ந்தபடி.
கடைசியில் எல்லாரும் சைபருக்குத்தான் திரும்புகிறார்கள்.

திம்மராயப்பா ஏழு டன் பெங்களூரா போட்டவர்.
போட்டது ஆனியில். இப்போது கார்த்திகை.
செவ்வாய்க்கிழமை தவறாமல் பத்தே காலுக்கு வருவார்.
பணம் என்று வாய்திறந்து கேட்டதில்லை.
"சும்மாதாம்மா அடிச்சேன். அங்க மழையா?"
சந்தூரில் இருக்கிறவருக்கு
நான் காவேரிப்பட்டணத்து மழை சொல்வேன்.
பிறகு பதினொன்றை அழுத்துவேன்.
சிவப்பு விளக்கு. தொந்தரவு கூடாது.
"மீட்டிங்ல இருக்காருங்க."
"இருக்கட்டும்மா."

மியூட், கடைசி வரிசையில் இடது ஓரம்.
அதற்குள் பச்சை எரிந்தால் நம் பேச்சு வெளியே போகாது.
இந்த ஆபீசின் உண்மையெல்லாம்
அந்தக் கடுகளவு பச்சையில்தான் பேசப்பட்டது.
ஆடியில் ஒரு இடி. விளக்கு போய்விட்டது.
அமுங்கியிருக்கிறதா எழும்பியிருக்கிறதா,
விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

போன செவ்வாய் கணக்கு கோமளா டீயோடு வந்தாள்.
"அவரா? பாவம்டி."
நான் மியூட்டை அழுத்திவிட்டுச் சொன்னேன்:
"செக்கு சனிக்கிழமையே கையெழுத்தாயிடுச்சு.
ரெண்டாவது டிராயர்ல கிடக்கு.
நேர்ல வந்து நின்னாத்தான் குடுக்கணுமாம்."
ரிசீவரில் ஒரு ஆடு கத்தியது.
அப்புறம் அவர், ரொம்ப மெதுவாக,
"இங்க மழை நின்னுடுச்சும்மா. நான் கிளம்பறேன்."

பன்னிரண்டரைக்கு ஒரு டாடா ஏஸ் கேட்டில் நின்றது.
அவரோடு பதினொரு பேர். யாரும் கத்தவில்லை.
நாற்காலி நாலுதான். மற்றவர்கள் சுவரோரம்.
குரலை வைத்து நான் நினைத்ததைவிட ஆள் குட்டை.
என் மேஜையைத் தாண்டிப் போனார்,
என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
உள்ளே அவர் குரல் மட்டும் கேட்டது:
"ரெண்டாவது டிராயருங்க."

நாலு மணிக்கு பதினொன்றிலிருந்து எனக்கு மணி.
அந்த எண் என்னை அழைத்தது அதுவே முதல்.
"அவங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"
மியூட் விளக்கு எரியறதில்லைங்க சார், நாலு மாசமா.
ஏன் சொல்லவில்லை என்றார்.
உங்க லைன் கிடைக்கலைங்க என்றேன்.
மெக்கானிக்கைக் கூப்பிடு என்றார்.

மெக்கானிக் நம்பரை அட்டையில் குறித்துவிட்டேன்,
அந்தக் கோட்டின் மேலேயே.
இன்னும் அடிக்கவில்லை.

இன்றைக்குச் செவ்வாய். பத்தே கால், பத்தரை.
யாரும் மழை கேட்கவில்லை.
பதினொரு மணிக்கு மத்தூர்க்காரர்.
கணக்குக்கு மாத்தட்டுங்களா என்றேன்.
"வேணாம்மா.
நீ பக்கத்துல யார்கிட்டயாச்சும் பேசிட்டிரு.
நான் சும்மா லைன்ல இருக்கேன்."