பென்சில் கோட்டுக்குள்

பீன்யா இரண்டாம் கட்டத்தில்
ஜெர்மனிக்குப் போகும் மழைக்கோட்டுகளுக்கு
மணிக்கு எழுபது காலர் தைக்கிறேன்.
வெட்டில் மிஞ்சுவதைக் கழிவுக்காரன்
கிலோ நாற்பதுக்கு எடுத்துப்போவான்.
கிறிஸ்துமஸுக்கு முன்னாலிருந்து
அதில் இரண்டு கிலோ எனக்கு.

எதற்கு என்று கேட்டாள் சூப்பர்வைசர் நாகரத்னம்மா.
நாய்க்கு ஷூ என்றேன்.
அதற்கப்புறம் ஒரு வாரம்
ரொம்ப மரியாதையாகப் பேசினாள்,
பித்துப் பிடித்தவளிடம் பேசுகிற மரியாதை.

கொழுந்தன் தேவசகாயம்
குப்வாராவுக்கும் மேலே எங்கேயோ இருக்கிறான்.
எங்கே என்று அவன் சொல்லக் கூடாது,
நாங்களும் கேட்பதில்லை.
லைன் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில்
ஒன்றரை நிமிடம் பின்ட்டோ.
பின்ட்டோவுக்கு இருமல் விட்டது.
பின்ட்டோ முட்டை தின்னவில்லை.
பனியில் விரலிடுக்கு வெடித்து ரத்தம்,
அப்படியும் பாதை முழுக்க முகர்ந்துபோய்
உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது.

அது உட்கார்ந்தால்
பின்னால் வரும் முப்பது பேரும் நிற்க வேண்டும்.
அதன் உத்தியோகமே அதுதான்,
உட்காருவது.

நீ சாப்பிட்டாயா என்று
அத்தை வாய் திறப்பதற்குள் லைன் போய்விடும்.

பாதத்தின் அளவு அனுப்பு என்றேன். போட்டோ அனுப்பினான்.
போட்டோவில் எலியும் யானையும் ஒரே அளவு தம்பி,
காகிதத்தில் வைத்து, சுற்றி வரைந்து, தபாலில் போடு.
வந்தது.
ஏதோ ரேஷன் பட்டியலின் பின்பக்கத்தில் நான்கு பாதம்.
மூன்று ஒழுங்காக.
நான்காவதில் கோடு வழுக்கி
மூலை வரைக்கும் ஓடியிருந்தது.
பக்கத்தில் எழுதியிருந்தான்: கூச்சம்.

முதல் ஜோடியை
(நான்கையும் ஜோடி என்று சொல்லலாமா, தெரியவில்லை)
ஓடையில் உதறிவிட்டு வந்துவிட்டதாம்.
இரண்டாவது நடக்கையில் சரக் சரக்கென்றது;
அங்கே சத்தம் ஆகாது.
மூன்றாவதில் வெல்க்ரோவுக்குள் பனி ஏறிப் பிடிப்பு விட்டது.
நான்காவதற்கு நாடா வைத்தேன்,
அடியில் பழைய சைக்கிள் ட்யூப்.
பதில் வந்தது:
குறை ஒன்றும் சொல்லவில்லை அண்ணி,
போட்டுக்கொண்டே தூங்குகிறது.
எந்த ஜெர்மன்காரனும் இத்தனை நுணுக்கமாய்
என் தையலைத் திருப்பி அனுப்பியதில்லை.

ஸ்ரீராமபுரம் தபாலாபீசில்
பார்சலுக்குள் என்ன என்பார்கள். துணி என்பேன்.
எட்டுச் செட்டு ஷூ,
பாதத்துக்குத் தடவத் தேங்காயெண்ணெய்,
ஓரத்தில் ஒரு பொட்டலம் முறுக்கு.
முறுக்கு உனக்கு, அதற்குக் கொடுக்காதே
என்று ஒவ்வொரு தடவையும் எழுதுவேன்.
ஒவ்வொரு தடவையும் கொடுத்திருப்பான்.

தவக்காலம் தொடங்கிய வாரம் அவன் பேசினான்.
அம்மாவுக்கு முழங்கால் எப்படி என்றான்.
வாடகை ஏற்றிவிட்டார்களா,
தண்ணீர் லாரி வருகிறதா,
சம்பிகே ரோட்டில் இன்னும் அதே நெரிசலா,
நான் சாப்பிட்டேன் அம்மா, நீ சாப்பிட்டாயா?
இரண்டு நிமிடமும் எங்களுக்கே.
போனை வைத்ததும் அத்தை சிரித்தாள்,
பிள்ளைக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்று.
நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.
கோக்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் தபால்.
நான்கு பாதம். சின்னவை.
கோடு எங்கேயும் வழுக்கவில்லை.
அண்ணி, இது மேகா. ஒன்றரை வயது.
பனி இன்னும் ஒரு மாதம் இருக்கும்.
அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

பின்ட்டோவுக்கு வெட்டிய அட்டை
மிஷின் டிராயரில் இருக்கிறது.
அதன்மேல் புதுப் பாதத்தை வைத்துப் பார்த்தேன்.
சுற்றிலும் அரை விரல் மிச்சம்.
அட்டையை வெட்ட மனசில்லை;
வேறு அட்டை எடுத்தேன்.

இந்த முறை முறுக்கு இரண்டு பொட்டலம் வைத்திருக்கிறேன்.
கொடுக்காதே என்று
எழுதவில்லை.