ஒதுங்குமிடம்

ஹாரிஸ் தீவின் கிழக்குக் கரையில்
சாலை என்பது ஒரு காரின் அகலம்.
அதற்குமேல் பாறை இடம் கொடுக்கவில்லை.
நூறு கஜத்துக்கு ஒருமுறை
கொஞ்சம் வயிறு தள்ளியிருக்கும்.
அங்கே ஒரு வெள்ளைப் பலகை.
ஒதுங்குமிடம்.
அதற்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ
அவர் ஒதுங்கவேண்டும்.
சட்டம் இவ்வளவுதான்.

கடந்துபோகிறவர்
ஸ்டீயரிங்கை விடாமலே
ஆள்காட்டி விரலைத் தூக்குவார்.
ஒதுங்கியவரும் தூக்குவார்.
வேறொரு விரலும் உண்டு,
அதைக் கிளாஸ்கோவில் தூக்குவார்கள்.

இருபத்தோரு வருடமாய்
ஊசியும் கட்டுத்துணியுமாக
இதே சாலையில் போய்வருகிற நர்ஸ் நான்.
விரலை வைத்தே ஆளைச் சொல்வேன்.
தபால்கார டொனால்டீனாவுக்கு இரண்டு விரல்.
மீன்பண்ணை லாரிக்காரருக்கு உள்ளங்கை முழுதும்,
ஏதோ கடன் கேட்பதுபோல.
போதகர் தலையை மட்டும் அசைப்பார்,
ஞாயிறென்றால் அதுவும் கிடையாது.
ரூரி, ஒருகாலத்தில் என் கணவன்,
என்னோடு பேசி எட்டு வருடமாகிறது.
விரல் தூக்காமல் ஒருநாளும் போனதில்லை.

மே பிறந்தால்
கப்பல் வாயைத் திறந்து வேன்களைக் கக்கும்.
கட்டில் அடுப்பு கக்கூஸ் எல்லாம்
முதுகில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள்.
ஒதுங்குமிடத்தில் நாற்காலி விரித்து
முட்டை பொரிக்கிறார்கள்.
பின்னால் ஏழு கார் வாலாய் நீண்டாலும்
கடலைப் பார்த்தபடி ஊர்கிறார்கள்.
எதிரே போனால் நட்டநடுவில் நின்று விழிக்கிறார்கள்.
பின்னால் போகவும் ஒரு கியர் உண்டென்று
இவர்களுக்கு யாருமே சொல்லவில்லை.
நான்தான் போவேன், கழுத்தைத் திருப்பி,
வளைவும் மேடும் படுத்த செம்மறியும் தாண்டி.
கடந்துபோவார்கள்.
விரலா? கண்கூடத் திரும்பாது.
கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேலிக்கில் திட்டுவேன்.
வெளியே இருப்பவருக்கு
அது ஜெபம்போலக் கேட்குமாம்.

ஜூலையில் ஒரு மாலை ஃபோன் வந்தது.
மேனிஷில் கிர்ஸ்டி-ஆனுக்கு
ஆக்ஸிஜன் மெஷின் நின்றுவிட்டது.
சிலிண்டர் பின்சீட்டில் உருண்டு இடிக்க
பறந்துகொண்டிருந்தேன்.
எதிரே மஞ்சள் வேன், டச்சு நம்பர்.
ஒதுங்குமிடம் என் பக்கம்,
என் இடது கைக்கு எட்டும் தூரத்தில்.

நான் ஒதுங்கவில்லை.

விளக்கை உயர்த்திப் போட்டு
அவன் மூக்குவரை போய் நின்றேன்.
ஒரு நிமிடம் பார்த்தான்.
பிறகு பின்னால் போனான்,
மோசமாக, பாம்புபோல நெளிந்து.
ஒரு பெண் வெறுங்காலோடு இறங்கி ஓடி
கைகாட்டிக்கொண்டே வந்தாள்.
மேட்டில் பின்சக்கரம் விளிம்பை விட்டது.
வேன் சதுப்பில் சாய்ந்தது.
எனக்கு வழி கிடைத்தது.

உரசிக்கொண்டு கடந்தேன்.
சாய்ந்த சீட்டில் சாய்ந்தபடியே அந்தப் பையன்,
பத்தொன்பது இருக்கலாம்,
விரலைத் தூக்கினான்.
ஆள்காட்டி விரலைத்தான்.
கப்பலில் கொடுக்கும் துண்டுத்தாளில்
படித்திருப்பான் போலிருக்கிறது.
என் இரண்டு கையும்
ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

மெஷினுக்கு ஒன்றுமில்லை.
பூனை பிளக்கை இழுத்துவிட்டிருந்தது.
கிர்ஸ்டி-ஆன் ஜன்னலோரம் உட்கார்ந்து,
எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறாய் என்றாள்,
என்னைப் பார்த்து.

பத்தரைக்குத் திரும்பினேன்.
வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது.
வேன் இல்லை.
கரிச்சேற்றில் ஆழமாக ஒரு சக்கரத்தடம்,
அதற்குள் தண்ணீர்.
இழுத்துவிட்டது ரூரியின் டிராக்டராம்,
மறுநாள் கடையில் சொன்னார்கள்.
அவன் எதற்கு என்னிடம் சொல்லப்போகிறான்.

தடம் இன்னும் மூடவில்லை.
அந்த மேட்டில் ஏறும்போது
என் விரல் எழுகிறது.
டொனால்டீனா ஒருநாள் பின்னால் வந்தாள்,
யாருக்கடி காட்டினாய் என்றாள்.
செம்மறிக்கு என்றேன்.

அதற்காக நான் திருந்திவிட்டேன் என்றில்லை.
நேற்று ஒதுங்குமிடத்தில் ஒரு வெள்ளி வேன்,
குடை, நாற்காலி, அடுப்பு.
ஹாரனில் கையை வைத்தேன்,
எடுக்கவில்லை.
முட்டை கருகியிருக்கும்.