விளக்கறை

இரவு பத்துக்கு என் வேலை தொடங்கும்.
நானூற்று எண்பது கொக்கிகள்,
நானூற்று எண்பது விளக்குகள்.
மேலே வந்தவன் தலையிலிருந்து கழற்றித் தருவான்,
சூடாக, வியர்வையும் செம்புத் தூசியுமாய்.
துடைத்து, மின்னேற்றியில் செருகுவேன்.
பன்னிரண்டு மணி நேரம் சும்மா தொங்கும்.
பார்ப்பவர்களுக்கு அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

விடியற்காலை நான்கு மணி, ஆள் வராத இடைவெளி.
சோளக்களி டப்பாவை ஓரம் தள்ளிவிட்டு
வேதத்தைத் திறப்பேன்.
நாளைக்கு ஓர் அதிகாரம்.
ஏழு வருஷமாய் இப்படி.

கசுபா சிரிப்பாள்.
பக்கத்து ஜன்னலில் கையுறை கொடுப்பவள்.
"ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் வாசிக்கிறாரே, போதாதா?
பரீட்சையா எழுதப்போகிறாய்?"

கேட்டதில் தப்பில்லை.
நானும் ஒரு காலத்தில்
பயம் வந்தால் மட்டும் திறக்கிறவள்தான்.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் திறப்பேன்.
சம்பளம் தாமதமானால் கண்ணை மூடி
விரல் விழுந்த இடம் எனக்கான வாக்கு.
ஒரு தடவை விரல் விழுந்த இடத்தில்
தோஷம் பிடித்த வீட்டின் சுவரைச்
சுரண்டச் சொல்லியிருந்தது.
சம்பளம் அடுத்த மாதம்தான் வந்தது.

உள்ளதைச் சொல்கிறேன்.
பெரும்பாலான நாட்களில் ஒன்றும் நடப்பதில்லை.
வானம் திறப்பதில்லை. மயிர்க்கூச்செறிவதில்லை.
யாரோ யாரையோ பெற்றான்,
இத்தனை வருஷம் இருந்தான், செத்தான்.
வம்ச அட்டவணை தொடங்கிய வாரம்
பெயர், பெயர், பெயர்.
நாக்கு இடறும்.
பக்கத்தைப் புரட்டிவிடு என்று விரல் கெஞ்சும்.
புரட்டவில்லை.
பக்தி என்று நினைக்காதீர்கள், பிடிவாதம்.
வந்த விளக்கை எண்ணாமல் படுத்தால்
எனக்குத் தூக்கம் வராது,
அந்த மாதிரி ஒன்று.

அந்த மார்ச் மழையில்
மூவாயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் உடைத்தது.
சங்கு ஊதி ஊதித் தொண்டை கம்மியது.
வாசலெல்லாம் பெண்கள்,
நனைந்த சித்தேங்கே இடுப்போடு ஒட்ட.
தகட்டுப் பலகையில் முப்பத்தொரு இடம் வெறுமை.
மேலாளர் ஒலிபெருக்கியில் எண்களை வாசித்தார்.
நூற்றுப் பன்னிரண்டு. நூற்று நாற்பது.
முன்னூற்று ஆறு.
கூட்டம் விழித்தது.
எண்ணுக்கு அழ எந்தத் தாய்க்குத் தெரியும்?

நான் அதை எப்படி வாங்கினேன் என்று தெரியவில்லை.
கையில் இருந்தது.
பதிவேட்டைத் திறந்தேன்.

கபாசோவின் மகன் சன்சா.
சின்காலாவின் மகன் புவால்யா.
அப்பன் பெயர் தெரியாத முத்தாலே,
அவனுக்கு அம்மாவின் பெயர்: நம்பேயாவின் மகன்.

ஒருவரையும் தாண்டவில்லை.
ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் ஒரு மூச்சு,
அந்த வீட்டார் "இங்கே" என்று கை தூக்கும் வரை.
நாக்கு இடறவில்லை.
எங்கே பழகியது என்று
இருபதாவது பெயரில்தான் உறைத்தது.

விடியும்போது இருபத்தொன்பது பேர் ஏறி வந்தார்கள்.
இரண்டு விளக்குகள் வரவில்லை.

சில வாரம் கழித்துக் கசுபா கேட்டாள்,
இந்தத் தடவை சிரிக்காமல்:
"அன்றைக்கு எந்த வசனம் உன்னைத் தாங்கியது?"

வசனம் ஒன்றும் நினைவில் இல்லை, கசுபா.
ஒரு பெயர்ப்பட்டியல், அவ்வளவுதான்.
ஆனால் உனக்கே தெரியுமே,
கீழே நிற்கிறவன் அங்கே மின்னேற்ற முடியாது.
பாறைக்குள் எந்தச் சுவரில் பிளக் இருக்கிறது?
மேலே, வெளிச்சத்தில், தேவையே இல்லாத நேரத்தில்
சும்மா தொங்குகிறதே,
அதைத்தான் அவன் தலையில் கட்டிக்கொண்டு இறங்குகிறான்.

அவள் பதில் சொல்லவில்லை.
என் டப்பாவில் மீதியிருந்த களியைத்
தின்று முடித்தாள்.

நூற்று நாற்பதாம் கொக்கியையும்
முன்னூற்று ஆறாம் கொக்கியையும்
இன்னும் யாருக்கும் நான் கொடுக்கவில்லை.
அலுவலகத்திலிருந்து இரண்டு கடிதம் வந்துவிட்டது.

இப்போது ஆலயத்தின் அளவுகள் போய்க்கொண்டிருக்கின்றன.
வாசலின் அகலம் இத்தனை முழம்,
தூணின் கனம் இத்தனை முழம்.
நேற்று நடுவில் கண் செருகிவிட்டது.
முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்,
விட்ட முழத்திலிருந்து.