முறை

சவளக்கடை வட்டையில்
எனக்கு மூன்று மணித்தியாலம் தண்ணி,
அவருக்கு மூன்று.
வட்டவிதானையின் கொப்பியில் என் பெயர் கிடையாது.
'தருமலிங்கத்தின் பெண்சாதி' என்றிருக்கிறது.
தருமலிங்கம் சவூதியில் வேறொருத்தியோடு இருப்பது
வட்டவிதானைக்குத் தெரியும்.
கொப்பிக்குத் தெரியாது.

அவர் பெயர் உதுமாலெவ்வை.
அதையும் கொப்பியில்தான் பார்த்தேன்,
என் வரிக்கு அடுத்த வரி.

ஒன்பது போகம்.
நடுவில் நான்கடி வாய்க்கால்.
என் முறை முடிந்தால்
டோர்ச்சை இரண்டு தரம் மின்னுவேன்.
அவரும் இரண்டு தரம் மின்னுவார்.
நான் என் பலகையை இறக்க
அவர் தன் பலகையைத் தூக்குவார்.
இந்த ஏற்பாட்டை யார் தொடங்கியது, நினைவில்லை.
பேசிச் செய்ததில்லை, அது நிச்சயம்.

ஏன் பேசவில்லை என்று கேட்டால்
தொண்ணூறாம் ஆண்டைச் சொல்லலாம்.
எனக்கு அப்போது ஆறு வயது.
எங்கள் பக்கத்தில் ஒரு கணக்கு,
அவர்கள் பக்கத்தில் ஒரு கணக்கு,
இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர்
எங்கள் கண்டத்தில் யாருமில்லை.
ஆனால் உள்ளதைச் சொன்னால்,
முதல் நாள் பேசவில்லை.
அதனால் இரண்டாம் நாள் பேச வெட்கமாயிருந்தது.
பிறகு அதுவே வழக்கமாயிற்று.

ஒருதரம் மாரி வெள்ளத்தில்
என் செருப்பொன்று அவர் வயலுக்குள் போனது.
மறுநாள் இரவு பலகைக் கட்டையின் மேல் இருந்தது,
சேறு கழுவி.
வார் அறுந்த இடத்தைக்
கம்பியால் முறுக்கியிருந்தார்.
நன்றி என்று சொல்ல
எத்தனை தரம் மின்ன வேண்டும்?

இன்னொரு நாள் என் வரம்பில் பாம்பு.
அவர் வெளிச்சம் பாம்பின் மேல் விழுந்தது.
என் முகத்தில் விழவில்லை.
அது ஒரு மரியாதை என்று
வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகுதான் பட்டது.

என்றாலும் ஒரு கோபம் இருந்தது.
எப்போது பார்த்தாலும்
எனக்கு முதுகு காட்டித்தான் இருப்பார்.
நிலவு நாளில் அந்த முதுகு நன்றாகத் தெரியும்.

இந்தப் போகம், பயிர் குடலையில் நிற்கிற நேரம்,
ஓர் இரவு
இரண்டு தரம் மின்னினேன். இருட்டு.
திரும்பவும் மின்னினேன். தவளைச் சத்தம்.
அவர் இருமல் எனக்கு மனப்பாடம்,
போன் நம்பர் தெரியாது.
இருபது நிமிடம்
தண்ணியை என் வயலுக்கே விட்டேன், மறைக்கமாட்டேன்.
கீழ்மூலை வெடித்துக் கிடந்தது.
பிறகு வாய்க்காலில் இறங்கி
அவர் வரம்பில் ஏறினேன், முதல் தரம்.

பலகை நல்ல கனம்.
அவர் இருக்கிற இடத்தில் ஓர் உரச்சாக்கு,
நாலு மூலைக்கும் நாலு கல்.
முழங்கால் படுகிற இடத்தில் இரண்டு பள்ளம்,
நெற்றி படுகிற இடத்தில் சாக்கு நைந்திருந்தது.
மேற்கைப் பார்த்து விரித்திருந்தார்.
என் வயல் கிழக்கே கிடந்தது.

அடுத்த இரவு யாரோ ஒரு பொடியன்.
மூன்று தரம் மின்னினான், பிறகு ஒன்று,
பிறகு அணைக்காமலே வைத்திருந்தான்.
பாஷை தெரியாதவன்.
"ராத்தா" என்று தொடங்கி
"அக்கா" என்று திருத்தி,
"தண்ணி காணுமா?" என்று கத்தினான்.
நான்கடி வாய்க்காலுக்கு
அவ்வளவு சத்தம் தேவையில்லை.

அவருக்கு என்ன என்று கேட்க வாய் வந்தது.
எவருக்கு என்று சொல்வது?
உங்கட வாப்பாவுக்கு என்றால்
மகன்தானோ தெரியாது.
காக்காவுக்கு என்றால்
அப்படிச் சொல்ல நான் யார்.
உதுமாலெவ்வைக்கு என்று மொட்டையாக,
கொப்பி கூப்பிடுகிற மாதிரியா?
தண்ணிக்கு முறை வைத்திருந்தோம்.
கூப்பிட ஒரு முறை
வைத்துக்கொள்ளவில்லை.

பொடியன் காத்துக்கொண்டு நின்றான்.
வாய் உலர்ந்துவிட்டது,
கைதான் டோர்ச்சைத் தேடியது.
இரண்டு தரம் மின்னினேன்.

"அதுக்கு என்ன கருத்து, அக்கா?" என்றான்.