வலப்பக்க ஷிஃப்ட்

புந்தா அரேனாஸ் துறைமுகம், மூன்றாவது மாடி.
ஜூலைக் காற்று ஜன்னலைப் பெயர்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது.
"செத்துப்போச்சு" என்றாள் நெலிதா ஒயார்சுன்
விசைப்பலகையைக் கண்ணால் காட்டி.
இருபத்தாறு வருஷமாக இங்கே தட்டச்சு செய்பவள்
எதையும் லேசில் செத்தது என்று சொல்லமாட்டாள்.

வழக்கமான சடங்குகள்.
வயரைப் பிடுங்கினேன், செருகினேன்,
வேறு துளையில் செருகினேன்.
கவிழ்த்துத் தட்டியதில்
பிஸ்கட் தூள், ஓர் இமைமுடி,
ஸ்டேப்ளர் பின் பாதி.
நம்லாக் விளக்கு மட்டும் பச்சையாய்,
எனக்கொன்றும் தெரியாது என்பதுபோல.

"அணைத்துப் போடவா?"
"வேண்டாம். சேமிக்கவில்லை."

திரையில் ஒரு படிவம்.
படிக்கக்கூடாது.
ஆனால் என் பிழைப்பே அடுத்தவர் திரையைப் பார்ப்பதுதான்.
சாட்சி வாக்குமூலம். ஜூன் பத்தொன்பது, நான்காம் மேடை, பளுதூக்கி.
காயமடைந்தவர் உலிசஸ் பார்ரியா.
(இடது கால், முழங்காலுக்குக் கீழே. அது படிவத்தில் இல்லை,
ஊருக்கே தெரியும்.)
கேள்வி ஏழு: எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருந்ததா?
பதிலுக்கான இடத்தில்
ஒரு கோடு மட்டும் நின்று நின்று துடிக்கிறது.

எரிந்தது என்றால் பிழை உலிசஸுடையது.
எரியவில்லை என்றால்
எங்களுக்குச் சம்பளம் போடுகிறவர்களுடையது.

கோட்டுக்குள்ளிருந்து உதிரிப் பலகையை எடுத்து மாட்டினேன்.
புத்தம்புதியது. அதுவும் வாய் திறக்கவில்லை.
அப்படியென்றால் நோய் பலகையில் இல்லை.
சலிப்பில் ஏதோ ஒரு விசைமேல் விரலை வைத்தபடி நின்றேன்.
ஒரு வினாடிக்கு மேல் ஆனதும்
ஒரேயொரு எழுத்து
மனமில்லாமல் வந்து விழுந்தது.

அப்போதுதான் திரையின் மூலையில் பார்த்தேன்,
கடுகளவு ஒரு நிறுத்துக் கடிகாரம்.

நடுங்கும் கைகளுக்காக எவரோ யோசித்துச் செய்த வசதி அது.
வலப்பக்க ஷிஃப்ட்டை எட்டு வினாடி அழுத்தியிருந்தால்
இயந்திரம் கேட்கும்: உங்களுக்கு உதவட்டுமா?
படிக்காமல் என்டரைத் தட்டிவிட்டால்
அப்புறம் அவசரத் தொடுகை எதையும் அது நம்பாது.
அழுத்தமாக, நிதானமாகச் சொன்னால்தான் கேட்கும்.

வலப்பக்கம்.

நெலிதா முறையாகக் கற்றவள்,
இரும்புத் தட்டச்சுப்பொறியில், கண்ணை மூடிக்கொண்டு.
இடக்கை எழுத்துக்குப் பெரியது வேண்டுமானால்
வலது சுண்டுவிரல்,
வலக்கை எழுத்துக்கு இடது சுண்டுவிரல்.
எங்கள் பாஷையில் ஆம் என்பது 'எஸ்'ஸில் தொடங்கும், அது இடக்கை.
இல்லை என்பது 'என்'னில்.

எட்டு வினாடி அவள் விரல்
ஆமுக்காக அழுத்தி
எழுத்தைத் தொடாமல் நின்றிருக்கிறது.

சுட்டியால் இரண்டு சொடுக்கு. சரியாகிவிட்டது.
"என்ன கோளாறு?"
"ஒரு விசையை ரொம்ப நேரம் பிடித்திருக்கிறீர்கள்."
"எதை?"
சொன்னேன்.
அவள் தன் வலக்கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்,
வேறொருவர் மறந்துவிட்டுப் போன கையுறையைப் போல.

இந்தக் குறுக்குவழியை நிரந்தரமாக அணைத்துவிட வேண்டும்
என்பது விதி.
அணைக்கவில்லை.

படியிறங்கும்போது காது மேலேதான் இருந்தது.
காற்று. லிஃப்ட். காற்று.

என் மேசை தரைத்தளத்தில்.
மே மாதப் புகார்களில் ஒன்று:
நான்காம் மேடை, விளக்கு எரிவதில்லை.
தவறிப்போய் கணினிப் பிரிவுக்கு வந்தது.
நம் வேலையில்லை என்று எழுதி மூடியது நான்.
மின்பிரிவுக்கு அனுப்பினேனா என்று
யாரும் இதுவரை கேட்கவில்லை.

'மீண்டும் திற' என்றொரு பொத்தான் இருக்கிறது.
அம்பு அதன்மேல் நிற்கிறது.
எட்டு வினாடிக்கு மேலேயே ஆகிவிட்டது.
சுட்டிக்கு அப்படி எந்த வசதியும் கிடையாது.
எதுவும் கேட்காமல்
அது பாட்டுக்குக் காத்திருக்கிறது.