பத்து வரை

மே மூன்றாம் வாரம்.
பிர்ச் மரங்கள் மஞ்சளை உதறிவிட்டன.
ஏரியோரம் நீரின் மேல் ஒரு மஞ்சள் கோடு.
நிறுத்திவைத்த காரின் முதுகில்
யாரோ விரலால் எழுதிய கெட்ட வார்த்தை.
என் பேருந்தின் வைப்பர்
கண்ணாடியில் இரண்டு விசிறிகளை
வரைந்து வரைந்து அழிக்கிறது.

என் பெயர் தூலிக்கி.
எங்கள் ஊர்ப் பேச்சில் காற்றின் செல்லப்பெயர்.
வைத்தவர்கள்
என் நெஞ்சைத் தட்டிப் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருடமாய்
குவோப்பியோவில் இதே தடம்.
சந்தைச் சதுக்கம், மருத்துவமனை, மேடு, கடைசி நிறுத்தம்.
ஒவ்வொரு வசந்தத்திலும்
மேடு ஏறும்போது எஞ்சினுக்கு முன்னால்
என் நெஞ்சு விசிலடிக்கும்.
உள்ளே போன மூச்சு வெளியே வர மறுக்கும்,
நெரிசலில் பின்கதவை மறித்து நிற்கும் ஆள் மாதிரி.

சிவப்பு விளக்கில்
நீல இன்ஹேலரை எடுப்பேன்.
ஒரு அழுத்து, இன்னொரு அழுத்து.
தபால் முத்திரை குத்துகிற வேகம்.
பச்சை விழுந்துவிடும்.

நேற்று முன்சீட்டில் ஒரு பையன்,
கையில் பாதி தின்ற வாழைப்பழம்.
"வெளியே வந்துடுச்சு" என்றான்.
எது?
"புகை. எல்லாம் வெளியே வந்துடுச்சு."
ஏலி, சும்மா இரு, என்றாள் அவன் அம்மா.

கடைசி நிறுத்தம். யாரும் இல்லை. ஏழு நிமிடம்.
உள்கண்ணாடியை என் பக்கம் திருப்பி
அழுத்திப் பார்த்தேன்.
உதட்டோரம் வெள்ளையாய் ஒரு வால்.
பத்தொன்பது வசந்தம்
கண்ணாடிக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

டப்பாவுக்குள் மடிந்து கிடந்த தாளில்
கழுத்தில்லாத ஒரு கோட்டு மனிதன்.
குலுக்குகிறான்.
முதலில் மூச்சை முழுக்க வெளியே விடுகிறான்.
அட,
இறங்குகிறவர்களுக்கு முதலில் வழிவிடுங்கள் என்று
நாளைக்கு நாற்பது முறை கத்துகிறவள் நான்.

உதட்டால் குழாயை இறுகக் கவ்வி
மெல்ல இழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில்
ஒரே ஒரு அழுத்து.
நிறுத்தாமல் இழு.
வாயை மூடு. எண்ணு.

ஒன்று. இரண்டு.
எதிரே ஒரு பிர்ச்,
ஒன்றும் தெரியாதது போல.
ஐந்து.
ஏழில் தொண்டைக்குள் ஒரு துள்ளல்.
எட்டு. ஒன்பது.
பத்து.

கண்ணாடியில் எதுவும் தப்பவில்லை.

அடுத்ததற்கு அரை நிமிடம் பொறு என்கிறது தாள்.
பிரேக்கில் காற்றழுத்தம் ஏறும் வரை
தினமும் முள்ளைப் பார்த்து உட்கார்ந்திருப்பவளுக்கு
இது பெரிதா?

தாளின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்று:
நீலம் அடிக்கடி தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள்.
தினமும் இழுக்கச் சொல்லி அவர் கொடுத்த பழுப்பு
வீட்டு அலமாரியில் இருக்கிறது,
உறை பிரியாமல், காபிப் பொட்டலத்துக்குப் பின்னால்.
அது வேறு கதை. இல்லை, அதே கதைதான்.

இரண்டாவதையும் எண்ணி முடித்தேன்.
ரேடியோ கரகரத்தது:
இரண்டு நிமிடம் தாமதம், என்ன ஆச்சு?

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன் என்றேன்.
முதல்முறையாக,
வாங்கியது கைக்கு வந்திருந்தது.