ஒரு வரியில் எழுதவும்

ஏழாவது கேள்வி:
தரையில் குடியேற விரும்பாமைக்கான காரணம்.
ஒரு வரியில் எழுதவும்.
கோடு என் நடுவிரல் நீளம்.

படிவம் கொண்டுவந்த நஸ்லிம்
இறங்குதுறையில் நிற்கிறார்
(இறங்குதுறை என்றால்
இரண்டு தென்னங்குற்றி, ஒரு லொறி டயர்).
சப்பாத்து இரண்டும் கையில்.
பத்தொன்பது வீட்டுக்குப் பத்தொன்பது படிவம்.
கச்சான் எழும்புமுன்
ஈச்சிலம்பற்றுக்குத் திரும்பிவிட வேண்டும் அவருக்கு.

பெயர்: தம்பிராசா யோகபுஷ்பம்.
முகவரி: கிண்ணைத்தீவு, உல்லைக்களிக் களப்பு.
இதுவரை சிக்கலில்லை.

இங்கே முதலில் குடியேறியது எருமை.
கோடையில் கயிறறுத்து நீந்தி வந்ததாம்.
தேடி வந்தவன்
அது குளம்பால் கிண்டிய குழியில் வாய்வைத்துப் பார்த்துவிட்டு
பெண்சாதியைக் கூட்டிவரப் போனான்.
சுற்றிவர உப்பு, நடுவில் அந்தத் துரவு.
இன்றைக்கும் அதில்தான் தேத்தண்ணி.

அறுபத்து நான்கு மார்கழிப் புயல்
ஒரு கூரை விடாமல் கொண்டுபோனது.
நான் பிறக்குமுன்.
சுனாமியைக் கண்ணாக்காடு மறித்தது,
முழுதாக அல்ல,
கந்தப்போடியரின் இரண்டு பிள்ளைகள் நீங்கலாக.
இரண்டாயிரத்து ஆறில்
கோழிகளைச் சாக்கில் கட்டி
வாகரைப் பக்கம் நடந்தோம்.
திரும்பி வந்தபோது கதவுநிலைகள் இல்லை.
சுவரில் சிங்களத்தில் ஒரு பெயர், கீழே ஒரு தேதி,
கிணற்றடியில் யாரோ நட்டு
ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றிய தக்காளிச் செடிகள்,
காய்த்துக் கிடந்தன.
அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.
சொதி வைத்தோம்.

தரையில் எனக்கும் வீடு உண்டு, நஸ்லிம்.
நாற்பத்தொன்றாம் இலக்கம். குழாய், மின்விசிறி எல்லாம்.
எட்டு மாதம் இருந்தேன்.
ராவில் வாசலைத் தாண்டும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளும்
என் வீட்டில் நிற்கப்போவது போலவே இருக்கும்.
நிற்காது. நான் விழித்திருப்பேன்.
இங்கே வருகிறவர் அரைமணி முன்னமே தெரிந்துவிடுவார்:
இருமினால் மரியாம்பிள்ளையின் இஞ்சின்,
துடுப்பு மட்டும் என்றால் மண்ணெண்ணெய் முடிந்த யாரோ.
உங்களையும் கண்டேன்.
உலையில் இன்னொரு சுண்டு அரிசி போட்டது அப்போதுதான்.

சொர்க்கம் என்று எழுதமாட்டேன்.
நுளம்பு ஆளைத் தூக்கும்.
வினோதாவுக்கு நடுக்களப்பில் வலி முற்றி
வள்ளத்திலேயே பிறந்தது பெட்டை.
பிறந்த இடம் என்ற கட்டத்தில்
தண்ணீர் என்று போட முடியாதாம்,
ஈச்சிலம்பற்று என்று போட்டார்கள்.
அந்தப் பெட்டைக்கு இப்போது ஒன்பது வயது,
பள்ளிக்கூடத்தில் அதைத் திருத்தச் சொல்லிச் சண்டை பிடிக்கிறாள்.

கட்டாரிலிருந்து மகன் கேட்பான்,
அம்மா, அங்கே என்னதான் இருக்கு?
ஒரு ராத்திரி, துடுப்புப் பட்ட இடமெல்லாம்
நீர் நீலமாய் எரிந்தபோது
போனைத் திருப்பிக் காட்டினேன்.
கறுப்பாகத்தான் தெரியுது, கரண்ட் இல்லையோ என்றான்.

பேனையைத் தாரும்.
நல்ல தண்ணீர் என்று எழுதினேன்.
இடம் மிச்சமிருந்தது,
எருமை கண்டுபிடித்தது என்றும் சேர்த்தேன்.

வாசித்துவிட்டு,
இதை ஏற்கமாட்டார்கள் அக்கா என்றார்.
ஏற்காவிட்டால் நீளமான கோடு போட்ட தாள்
அனுப்பச் சொல்லும் என்றேன்.

அதற்குள் கிண்ணை இலைகள்
வெள்ளைப் பக்கத்தைக் காட்டத் தொடங்கிவிட்டன.
களப்பு நரைத்தது.
வள்ளக்காரன் நங்கூரத்தை இன்னும் உள்ளே இழுத்தான்.
இனி விடிந்துதான்.

திரளி மீன் புளியாணம், சோறு.
நஸ்லிம் இரண்டாம்முறை கேட்க வெட்கப்பட்டார், போட்டேன்.
சப்பாத்தை வாசலில் விடவேண்டாம்,
வேலிக்கம்பில் கவிழ்த்து வையும் என்றேன்.
நண்டு புகும்.